இறாலுக்கும் தீப்பெட்டிக்கும் ஒரே பெயர்

கஸ்பார், நேற்று வாகைக்குளம் விமான நிலையத்தில் நீயும் ஜெசிந்தாவும் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போன பிறகு நான் அழவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் பெரியம்மா அழுதாள். எனக்கும் சேர்த்து அவளே அழுதுவிட்டதால் எனக்கு மிச்சம் எதுவும் இல்லை. உனக்குப் பிறகு யார் என்னை ஆபீஸில் இறக்கிவிடுவார்கள் என்று நீ கவலைப்பட்டாயே, நான் வீட்டுக்கு வந்து என் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நானே போய் இறங்கினேன். சாவியை அலமாரியில் உன் பழைய சட்டைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாய். ஒளித்து வைத்தவன் நீ, கண்டுபிடித்தவள் நான். என் மூளையைப் பற்றி இனி யாரும் பேச வேண்டாம்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வரி சொல்வதற்குள் நீ மூன்று கேள்வி கேட்பாய், சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, கேஸை அணைச்சியா என்று. அதனால் எழுதுகிறேன். கல்யாணம் முடிந்த அந்த வாரத்தில் நீ என்னிடம் சொல்லாமல் ஒரு முடிவு எடுத்திருந்தாய். ஜெசிந்தாவுக்குத் துறைமுக வேலை கிடைத்திருக்கும் ராட்டர்டாமுக்கு நீ போவதில்லை, அம்மாவைத் தனியாக விட முடியாது, அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்பது அந்த முடிவு. அதைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்தது என்பதையும், அது இல்லை என்று ஆனபோது எப்படி இருந்தது என்பதையும் உன்னிடம் நான் முழுதாகச் சொல்லவே இல்லை. ஜெசிந்தாவும் இதைப் படிக்கட்டும். அவளுக்குத் துறைமுகம் தெரியும், கம்ப்யூட்டர் நிரல் தெரியாது. அவளுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், நிரல் எழுதியே பிழைக்கிற நீ பொறுத்துக்கொள்.

ஜெசிந்தா, நான் வேலை பார்ப்பது பீச் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸ். கம்ப்யூட்டர் பிரிவு என்று பெயர், பிரிவில் இருப்பது நான் ஒருத்திதான். எந்தக் கண்டெய்னர் வருகிறது, அதில் என்ன சரக்கு, எப்படி வைக்க வேண்டும் என்பதை எங்கள் இயந்திரம் துறைமுக முனையத்தின் இயந்திரத்துக்குச் சொல்லும். இதற்கு வெப் சர்வீஸ் என்று பெயர். இரண்டு இயந்திரங்களும் ஒரே பாஷை பேச வேண்டும் அல்லவா, அதற்காக முனையத்துக்காரர்கள் ஒரு விவரக் கோப்பு அனுப்புவார்கள். இன்ன பொருளுக்கு இன்ன பெயர், அதற்குள் இன்ன இன்ன தகவல் என்று அதில் எழுதியிருக்கும். அந்தக் கோப்பை ஒரு கருவியிடம் கொடுத்தால் அதுவே நிரலை எழுதிக் கொடுத்துவிடும். யாரோ முகம் தெரியாதவர்கள் பல நாடுகளில் உட்கார்ந்து இலவசமாகச் செய்து வைத்திருக்கும் கருவி. நல்ல கருவிதான், நான் பல வருஷமாகப் பயன்படுத்துகிறேன். அதன் மேல் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. என் மேல்தான் வந்தது.

சென்ற மழைக்காலத்துக்குப் பிறகு எங்கள் ஆபீஸில் சர்வரை மாற்றினார்கள். சென்னையிலிருந்து ஒரு நிறுவனத்துப் பையன்கள் வந்து புதிதாக வைத்துவிட்டுப் போனார்கள். அதே சமயத்தில் முனையத்துக்காரர்கள் விவரக் கோப்போடு ஒரு புதுப் பகுதியைத் தனிக் கோப்பாகச் சேர்த்தார்கள். கோவில்பட்டித் தீப்பெட்டி மாதிரி தீப்பற்றக்கூடிய சரக்குக்கு, எந்த வெப்பத்தைத் தாண்டக் கூடாது என்று சொல்வதற்கான பகுதி. நான் கருவியை ஓட்டினேன், என் மேஜைக் கம்ப்யூட்டரில் சோதித்தேன், எல்லாம் ஒழுங்காகப் போனது, சர்வரில் ஏற்றினேன். அந்த வாரமே செல்வராஜ் அண்ணாச்சியின் இறால் கண்டெய்னர் யார்டில் போய் நின்றது. குளிர்பெட்டி என்றால் போனவுடன் மின்சாரத்தில் மாட்ட வேண்டும். மாட்டவில்லை. எங்களிடமிருந்து போன தகவலில் எவ்வளவு குளிரில் வைக்க வேண்டும் என்பதே இல்லை, அதனால் அவர்கள் அதைச் சாதாரணப் பெட்டி என்று வெயிலில் விட்டுவிட்டார்கள். நல்லவேளை, லாரி டிரைவர் சத்தம் போட்டு மாட்ட வைத்தார். அண்ணாச்சி போன் செய்தார். "தங்கச்சி, எறாலு அனுப்பச் சொன்னா கருவாடு அனுப்பப் பாக்கியளே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் அடுத்த தடவை சிரிக்க மாட்டார் என்பது குரலில் இருந்தது.

நான் சர்வரில் கருவி எழுதி வைத்த கோப்பைத் திறந்து பார்த்தேன். குளிர்பெட்டித் தகவலில் வெப்பநிலை இருக்க வேண்டிய இடத்தில் தப்பான ஒரு பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. நான்தான் ஏற்றும்போது எதையோ குழப்பிவிட்டேன் என்று நினைத்து, அந்த வரியைக் கையால் திருத்தினேன். கையால் திருத்தாதே என்று அந்தக் கோப்பின் தலையிலேயே எழுதியிருக்கும். சிறுநீர் கழிக்காதே என்று சுவரில் எழுதியிருப்பதை நம் ஊர்க்காரன் எப்படி மதிக்கிறானோ அப்படித்தான் நிரல் எழுதுகிறவர்களும் அதை மதிக்கிறார்கள். திருத்தினேன், மறுநாள் பெட்டிகள் ஒழுங்காகப் போயின, அதோடு விட்டுவிட்டேன்.

கொஞ்ச நாளில் மறுபடியும் அதே தப்பு. கோப்பைத் திறந்தேன். நான் திருத்திய வரி அங்கே இல்லை, பழைய தப்பான வரிதான் இருந்தது. கஸ்பார், திருத்தியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மேஜையில் அரைத் தம்ளர் டீ இருந்தது, வெளியே லாரி பின்னால் வரும் சத்தம் கேட்டது, எல்லாம் ஞாபகம் இருக்கிறது. வரி மட்டும் இல்லை. மேனேஜரை அழைத்து என் மேஜைக் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டினேன், அதில் எல்லாம் சரியாக வந்தது. அவன் உன்னைவிட இளையவன், மரியாதை தெரிந்த பையன். "மேடம், நீங்க ஒங்க சிஸ்டத்துல மாத்திட்டு, சர்வர்ல மாத்துனதா நெனைச்சிருப்பிய. ஒரு வாரம் லீவு போட்டு நல்லாத் தூங்குங்களேன்" என்றான். கோபமாகப் பேசியிருந்தால் நானும் திருப்பிப் பேசியிருப்பேன். அன்பாகச் சொன்னதால் நம்பிவிட்டேன். மறுபடி திருத்தினேன். திருத்திய பிறகு, திருத்திவிட்டேன் என்று என் போனில் ஒரு படமும் எடுத்து வைத்தேன், எந்தக் கம்ப்யூட்டரின் திரை என்று மட்டும் அதில் தெரியவில்லை. அந்தப் போனைத்தான் அன்று சாயங்காலம் மீனோடு சேர்த்து ஃபிரிட்ஜில் வைத்தேன்.

அந்தப் போன் விஷயத்தில்தான் நீ என்னைப் பிடித்துக்கொண்டாய். கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கும்போது, ஒரு கையில் சாளையும் இன்னொரு கையில் போனும் வைத்துக்கொண்டு சமையல்காரரிடம் பேசிக்கொண்டிருக்கும் எந்தப் பொம்பளையும் செய்கிற காரியம் அது. ஆனால் நீ ஏற்கெனவே மேனேஜரிடம் பேசியிருந்தாய் போலிருக்கிறது. அதன் பிறகு நான் எதைத் தேடினாலும் வீட்டில் ஒரு அமைதி. மோட்டாரை அணைக்க மறந்தால் ஒரு அமைதி. ஜெசிந்தாவை நான் ஒரு தடவை ஜெனிட்டா என்று கூப்பிட்டதற்கு நீயும் உன் பெரியம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். வந்து நாலு நாளான மருமகள் பெயர் வாயில் தடுக்காதா? அவள் பாவம், "பரவாயில்ல அத்தை" என்று ஜெனிட்டாவாகவே பதில் சொன்னாள். உங்கள் பார்வையைப் பார்த்துப் பார்த்து, நான் செய்கிற ஒவ்வொன்றையும் நானே பின்னால் நின்று பார்க்க ஆரம்பித்துவிட்டேன். அப்படிப் பார்த்தால் யாருக்கும் கை தடுமாறும்.

ஒரு மத்தியானம் துணி எடுக்க மாடிக்கு வந்தேன். நீங்கள் இருவரும் தண்ணீர்த் தொட்டி நிழலில் பேசிக்கொண்டிருந்தீர்கள். "நீ போயிட்டு வா. நான் போகலை. அம்மாவை இப்படி விட்டுட்டு எப்படி வர முடியும்? அப்பாவும் இல்ல" என்றாய். ஜெசிந்தா, "அப்ப நானும் போகலை. லெட்டர் போட்டுச் சொல்லிருதேன்" என்றாள். அவ்வளவுதான். சண்டை இல்லை, அழுகை இல்லை. அந்த வேலைக்காக அவள் எத்தனை வருஷம் படித்தாள் என்பது எனக்குத் தெரியும். நான் துணி எடுக்காமல் கீழே இறங்கிவிட்டேன். உங்களுக்கு முன்னால் வந்து, என்னால் நீங்கள் எதையும் விட வேண்டாம் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் உண்மையிலேயே எனக்கு மறந்துகொண்டு வருகிறது என்றால் அதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? அன்று நான் அவ்வளவு பயந்திருந்தேன். உன் அப்பா போனபோதுகூட இப்படிப் பயப்படவில்லை. அப்போது என் மூளை என்னிடம் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை ஆபீஸிலிருந்து போன் வந்தது. அண்ணாச்சியின் பெட்டி மறுபடியும் மாட்டப்படாமல் நிற்கிறது, இன்னும் இரண்டு பெட்டி வந்துகொண்டிருக்கிறது. நீயே என்னை உன் வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போனாய். என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாய். யார்டுக்குப் போன் செய்து நிற்கிற பெட்டியை மாட்டச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாய். "யம்மா, நீ என்னென்ன செஞ்சேன்னு நிதானமாச் சொல்லு. ஞாபகம் இல்லைன்னா விடு, ஒண்ணும் அவசரமில்ல" என்றாய். ஆஸ்பத்திரி வார்டில் பேசுகிற குரல்.

"ஏலே, எனக்குக் காது கேக்கு. இழுத்து இழுத்துப் பேசாத" என்றேன். "நான் இப்ப ஒன் கண்ணு முன்னாடியே திருத்துதேன். நீ பாத்துக்கிட்டே இரி."

திருத்தினேன். நீ பார்த்தாய். சேமித்தேன், மூடினேன். மறுபடி திறந்து வரி இருக்கிறதா என்று இருவரும் பார்த்தோம், இருந்தது. டீ வந்தது. அந்த நேரத்தில் மேனேஜர் எங்கள் கிளை ஆபீஸின் போன் நம்பர் மாறியதை சர்வரில் எங்கேயோ ஒரு மூலையில் மாற்றினான். நான் டீயை வைத்துவிட்டு, சும்மா, ஒரு கெட்ட பழக்கம் மாதிரி, கோப்பை இன்னொரு தடவை திறந்தேன். திருத்திய வரி இல்லை. பழைய வரி பல்லை இளித்துக்கொண்டு அங்கே இருந்தது. "ஏலே கஸ்பாரு, நான் இப்பம் திருத்துனேனா, திருத்தலையா? உண்மையைச் சொல்லு" என்றேன்.

நீ திரையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், மறுபடி திரையைப் பார்த்தாய். "திருத்துன, யம்மா" என்றாய். "இந்தா, இங்கன இருந்துச்சு. நான் பாத்தேன்."

நீ அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல காரியம் செய்தாய், ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு ஈடாக எதுவும் இல்லை. நான் பார்த்தேன் என்று சொன்னாயே. ஆபீஸ் என்றும் பார்க்காமல் முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். மேனேஜர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். விமான நிலையத்தில் நான் அழாததற்குக் காரணம் அழுகையை அங்கேயே முடித்துவிட்டதுதான்.

அப்புறம் விஷயம் வேகமாக வெளியே வந்தது. புது சர்வரில் யார் எந்தச் சின்ன மாற்றம் செய்தாலும் கருவி தானாக ஓடி எல்லாக் கோப்பையும் புதிதாக எழுதிவிடும்படி சென்னைப் பையன்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள். பழைய சர்வரில் நான் சொன்னால்தான் ஓடும். இந்த மாற்றத்தை அவர்கள் என்னிடம் சொல்லவில்லை. அதனால் நான் கையால் போட்டதெல்லாம் யாரோ ஒரு போன் நம்பரை மாற்றும்போது அழிந்துகொண்டே இருந்தது. நீ நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாய், வார்டுக் குரல் போய்விட்டது. "அழிஞ்சது சரி. ஆனா ஒவ்வொரு தடவையும் ஏன் தப்பாவே எழுதுது? ஒன் சிஸ்டத்துல மட்டும் ஏன் சரியா எழுதுது?" என்று கேட்டாய். விவரக் கோப்புகளில் வெப்பநிலை என்ற பெயர் எங்கெல்லாம் வருகிறது என்று நான் தேடினேன். இரண்டு இடத்தில் வந்தது. ஒன்று பழையது, குளிர்பெட்டிப் பகுதியில். இன்னொன்று புதியது, தீப்பெட்டிப் பகுதியில். இரண்டுக்கும் ஒரே பெயர், டெம்பரேச்சர். உள்ளே இருப்பதும் ஒரே மாதிரி, ஒரு எண்ணும் ஒரு அலகும். ஆனால் இரண்டும் வேறு வேறு வீட்டைச் சேர்ந்தவை, அந்த வீட்டுப் பெயரும் கோப்பில் தெளிவாக இருந்தது. எங்கள் தொழிலில் அதற்கு நேம்ஸ்பேஸ் என்று பெயர்.

"ஏலே, இது ஒங்க கததாம்லே. ரெண்டு கஸ்பாரு" என்று நான் கத்தியது கீழ்மாடி வரை கேட்டிருக்கும்.

ஜெசிந்தா, உனக்கு இது புதிது. உன் மாமனாரின் அப்பா பெயர் கஸ்பார், கொழும்புக்குத் தோணி ஓட்டிய தண்டல், தோணிக்கே தலைவர். எங்கள் பக்கத்தில் முதல் பேரனுக்குத் தாத்தா பெயர். மகன்கள் இரண்டு பேர் இருந்தால் இரண்டு வீட்டிலும் முதல் பையன் அதே பெயர்தான், யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பெரியம்மா வீட்டில் ஒரு கஸ்பார், ஆறு மாசம் கழித்து எனக்கு ஒரு கஸ்பார். என் மகன்தான் வெறும் கஸ்பார், அவள் மகனுக்கு ஏதாவது சேர்த்துக் கூப்பிடட்டும் என்று நான். மூத்தவன் தன் மகன், அதனால் அவன்தான் வெறும் கஸ்பார் என்று அவள். இந்தச் சண்டை வருஷக்கணக்காக ஓடியது. இவர்கள் முதல் தடவை நற்கருணை வாங்கும் புதுநன்மை வந்தபோது, கோயிலில் பெயர் சரிபார்த்த யாரோ, ஒரே பையனை இரண்டு தடவை எழுதிவிட்டார்கள் என்று ஒரு கஸ்பாரை எடுத்துவிட்டார்கள். எல்லாப் பிள்ளைகள் கையிலும் மெழுகுவர்த்தி, உன் புருஷன் கையில் மட்டும் இல்லை. வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு உதட்டைக் கடித்தபடி நின்றான். அண்ணன்காரன் தன் மெழுகுவர்த்தியை ஒடித்துப் பாதி கொடுத்தான். வீட்டுக்கு வந்ததும் என் மாமனார் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "கஸ்பாருன்னா அது நான் ஒருத்தன்தான். இவனுவ ரெண்டு பேருக்கும் வீட்டுப் பேரச் சேத்துச் சொல்லுங்க. ஒருத்தனுக்குச் சேத்து ஒருத்தனுக்கு விட்டியன்னா வீடு வெளங்காது." அன்றிலிருந்து இவன் கிணத்துவீட்டு கஸ்பார், அவன் மச்சுவீட்டு கஸ்பார்.

கருவி செய்த தப்பும் கோயிலில் நடந்த தப்பேதான். எந்தப் பெயருக்கு எந்த உருவம் என்று அது தனக்குள் ஒரு அட்டவணை வைத்துக்கொள்கிறது. அதில் வீட்டுப் பெயரைச் சேர்க்காமல் வெறும் பெயரை மட்டும் எழுதுகிறது. அதனால் பின்னால் வருகிறவன் முன்னால் வந்தவனைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறான். என் கம்ப்யூட்டரில் கோப்புகளைப் படிக்கிற வரிசையில் குளிர்பெட்டி கடைசியில் வந்தது, அதனால் தப்பித்தது. சர்வரில் தீப்பெட்டி கடைசியில் வந்தது. இறாலின் குளிர், தீப்பெட்டி வீட்டுப் பெயரை நெற்றியில் ஒட்டிக்கொண்டு முனையத்துக்குப் போனது. முனையத்து இயந்திரம், இது இறாலுக்கானது இல்லை என்று ஓரமாக வைத்துவிட்டது. எண்ணும் அலகும் ஒரே மாதிரி இருந்ததால் எந்த இடத்திலும் பிழை என்று ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை.

என் கம்ப்யூட்டரில் எழுதிய சரியான கோப்பை சர்வரில் வைத்து, தானாக ஓடுவதை நிறுத்தினோம். வந்துகொண்டிருந்த இரண்டு பெட்டியும் ஒழுங்காகப் பதிவாகி மாட்டப்பட்டன. இறால் பிழைத்தது. நீ பையை மாட்டிக்கொண்டு, "போதும் யம்மா, இப்படியே வச்சிரு. நான் ஒரு சின்ன நிரல் எழுதித் தாரேன், ஒவ்வொரு தடவையும் அது ஒன் வரியைத் திரும்பப் போட்டுரும்" என்றாய். அங்கேதான் நான் உன்னை விடவில்லை. "எனக்குச் சரியாயிரும். என்னைய மாதிரி இன்னொருத்தி எங்கனயோ ஒரு ஆபீஸ்ல ஒக்காந்து, தன் மண்டையத் தானே சந்தேகப்பட்டுக்கிட்டு இருப்பாளே, அவளுக்கு?" என்றேன். நீ பையைக் கழற்றி வைத்தாய். அந்த நிமிஷம் உன்னைப் பெற்றதற்கு எனக்குப் பெருமையாக இருந்தது, அப்போது சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

அந்த வாரம் நம் சாப்பாட்டு மேஜையில் நடந்ததை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. முதலில் நீ கருவியின் நிரலையே திருத்தி, எல்லாப் பெயரோடும் வீட்டுப் பெயரைச் சேர்த்து அனுப்பினாய். கருவியைப் பராமரிக்கிறவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. உலகம் முழுக்க எத்தனையோ பேரின் பழைய நிரல்கள் வெறும் பெயரை நம்பி ஓடுகின்றன, எல்லாம் உடைந்துபோகும் என்றார்கள். நியாயம்தான். வீட்டில் ஒரே ஒரு கஸ்பார் இருந்தால் கிணத்துவீடு என்று யார் சொல்லப்போகிறார்கள்? இரண்டு பேர் மோதினால் மட்டும் சேர்ப்பது என்று மாற்றினாய். ஆனால் முதலில் வந்தவனுக்கு வெறும் பெயர், அடுத்தவனுக்கு வீட்டுப் பெயர் என்று வைத்தாய். நான் இட்லித் தட்டோடு வந்து எட்டிப் பார்த்து, "மறுபடியும் முந்துனவனுக்கா? வரிச மாறுனா பேரும் மாறிருமேலே. தாத்தா என்ன சொன்னாரு?" என்றேன். இருவருக்கும் வீட்டுப் பெயர் என்று மாற்றி அனுப்பினாய். நீ திருத்தம் போட்ட இணையப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருத்தி, எந்த நாடோ, கீழே எழுதியிருந்தாள். என் கம்ப்யூட்டரில் சரியாக வருகிறது, சர்வரில் தப்பாக வருகிறது, பல மாதமாக நான்தான் தூங்கி வழிகிறேன் என்று நினைத்திருந்தேன், நன்றி என்று. நீ அதைப் படித்துக் காட்டியபோது ஜெசிந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணின் பெயர்கூட எனக்குச் சரியாக உச்சரிக்க வரவில்லை, ஆனால் அவளை எனக்குத் தெரியும்.

இதை வைத்து என் தலையில் ஒரு குறையும் இல்லை என்று நான் சாதிக்கவில்லை. அதனால்தான் நீ கூப்பிட்டபடி பாளையங்கோட்டை டாக்டரிடமும் வந்தேன். அவர் சொன்ன சொற்களைத் திருப்பிச் சொன்னேன், கடிகாரம் வரைந்தேன், எண்களைப் பின்னாலிருந்து சொன்னேன். "அம்மா நல்லாத்தான் இருக்காங்க. தூக்கம்தான் பத்தலை. கல்யாண வீட்டுல யாரு தூங்குதா?" என்று உன்னைப் பார்த்துச் சொன்னார். வரும் வழியில் வாகைக்குளம் தாண்டும்போது, "யம்மா, நான் ஒன்னைய நம்பாமப் போயிட்டேன்" என்றாய். அதை விடு. ஆனால் ஒன்று மட்டும் மனசில் வைத்துக்கொள். உனக்குக் கீழே நாலு பேர் வேலை செய்கிற காலம் வரும். ஒருத்தர், நான் செய்தேன், ஆனால் காணோம் என்று சொன்னால், அவர்களை லீவு எடுத்துத் தூங்கச் சொல்வதற்கு முன்னால் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார். செய்யச் சொல்லிக் கண்ணால் பார். வீட்டிலும் அப்படித்தான். ஜெசிந்தா எதையாவது சொன்னேன் என்றால், சொல்லியிருப்பாள். அவளுக்காக நீயே மொட்டை மாடியில் முடிவு எடுக்காதே. எனக்காகவும் எடுக்காதே. கேட்டுவிட்டு எடு.

நேற்று ஆபீஸுக்குப் போனது எதற்கு என்று கேட்பாய். நீங்கள் விமானத்தில் இருக்கும்போது கருவியின் புதுப் பதிப்பு வெளியாகியிருந்தது, உன் திருத்தமும் அதில் சேர்ந்திருந்தது. சர்வரில் ஏற்றினேன். நான் கையால் வைத்த கோப்பை நானே அழித்தேன். தானாக ஓடுவதைத் திரும்பத் தொடங்கிவிட்டு, கிளை ஆபீஸ் போன் நம்பரை வேண்டுமென்றே ஒரு தடவை மாற்றிப் பார்த்தேன். இறால் இறாலாகப் போனது, தீப்பெட்டி தீப்பெட்டியாகப் போனது. அப்புறம் ஒரு ஆசையில், திருத்தத்தோடு நீ சேர்த்து அனுப்பிய சோதனை நிரலைத் திறந்தேன். அதை நீ எனக்குக் காட்டவில்லை, கள்ளன். ஆங்கில எழுத்தில், ஒரே பெயர் உள்ள இரண்டு உருவங்கள். கஸ்பார், கஸ்பார். ஒன்றின் வீடு கிணத்துவீடு, இன்னொன்றின் வீடு மச்சுவீடு. இரண்டும் தனித்தனியாக வர வேண்டும், வராவிட்டால் கருவி வெளியாகக் கூடாது என்று எழுதியிருந்தாய். ஓட்டினேன். இரண்டு பேரும் வந்தீர்கள், ஒருவனை ஒருவன் தள்ளவில்லை. உன் பெரியம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி, எவன் பேரு மேல இருக்கு என்பதுதான்.

கஸ்பார், ஒருநாள் எனக்கு உண்மையிலேயே மறந்துபோகலாம். உன் பெயரும் போகலாம். அப்போது அந்தச் சோதனை எந்த நாட்டிலோ ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டுதான் இருக்கும், நீ யார் வீட்டுப் பிள்ளை என்பதை அது சொல்லிவிடும். அந்த நாள் வந்தால் உடனே புறப்பட்டு வா, என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார், அந்த வார்டுக் குரலிலேயே பேசு, நான் திட்ட மாட்டேன். இப்போது வராதே. இப்போது எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, நாளைக்கு அண்ணாச்சியின் நாலு பெட்டி போகிறது.

அம்மா,
கிணத்துவீடு